நாற்காலியும் நிலைவாசலும்

நம்முடைய குடும்பங்களில் ஒரு பட்டுப்புடவை வாங்க வேண்டுமானால் என்னென்ன ஏற்பாடுகள் நடக்கின்றன என்பதை நேயர்கள் அறிவார்கள். முதலில் நல்ல நாள் பார்க்கிறோம். வீட்டிலுள்ள பெண்மக்கள் அனைவரும் புறப்படுகிறார்கள். கடைக்காரர் 40 புடவைகளைப் பிரித்துப் போடுகிறார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். தோளில் போட்டுப் பார்க்கிறோம். கடைசியில் முதலாவதாகப் பிரித்துக் காட்டிய புடவையையே வாங்கிக்கொண்டு பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறோம். வருஷத்தில் மூன்று தடவை உடுத்தும் ஒரு வஸ்துவுக்கு இவ்வளவு பரீட்சை! ஆனால், ஒரு மனிதர் காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரையில் நம்பியிருக்க வேண்டிய கைத்தடியையோ, வாக்கரையோ, சக்கர நாற்காலியையோ எப்படி வாங்குகிறோம்? அதில் ஒரு நாளும் உட்காரப் போகாத ஒருவர், கைப்பேசியில் படத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார்.

பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி வாங்கியவர்களில் அடியேனும் ஒருவன்.

என் பெரியப்பாவுக்கு வயது 78. தபால் இலாகாவில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் போகும் பழைய வீடு அவருடையது. உத்தியோகம் முடிந்தும் அவருடைய ஆபீஸ் மூடப்படவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் வந்து உட்காருவார். முதியோர் உதவித்தொகை மனு, பாங்கிப் பாரம், குடும்ப அட்டையில் பெயர் திருத்தம் என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு தெருவில் உள்ளவர்கள் வருவார்கள். எல்லாவற்றையும் மணி மணியான எழுத்தில் பூர்த்தி செய்து கொடுப்பார். காசு வாங்கமாட்டார், ஆனால், கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டால் கோபித்துக்கொள்வார். தெருவில் அவருக்கு ‘திண்ணைத் தாசில்தார்’ என்றே பெயர்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் ரேழியில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பதைக் கவனித்தேன். உடனே கடைத்தெருவுக்குப் போய், யாளி முகம் செதுக்கிய, பளபளவென்று மெருகேற்றிய கைத்தடி ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டு நாள் ஊன்றிப் பார்த்தார். “தோள்பட்டை வலிக்கிறது, அப்பா” என்றார். மூன்றாம் நாள் தடி ரேழி ஆணியில் ஏறிவிட்டது. ‘பெரியப்பாவுக்கு வீம்பு, கிழவன் என்று ஊரார் சொல்லிவிடுவார்களே என்ற வெட்கம்’ என்று நாங்கள் எல்லோரும் தீர்மானித்தோம். தோள்பட்டை வலிக்கிறது என்று அவர் சொன்னது நிஜமாகவே தோள்பட்டை வலித்ததனால்தான் என்பது எனக்குத் தெரிவதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் ஐப்பசி மழையில், கொல்லைப்புறத்துப் படியில் வழுக்கி விழுந்து, வலது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

தடியைப் பற்றிப் பின்னால் நான் கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். கைகளைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு மடிப்புக் கோடு இருக்கிறதல்லவா? தடியின் பிடி அந்தக் கோட்டுக்கு நேராக வர வேண்டும். அப்படியிருந்தால் ஊன்றும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். தடி அதைவிட உயரமானால் ஒவ்வோர் அடிக்கும் தோள் மேலே தூக்கும். குட்டையானால் முதுகு கூனும். நான் வாங்கிய தடி பெரியப்பாவுக்கு இரண்டரை அங்குலம் உயரம். நான் பார்த்ததெல்லாம் யாளி முகம் ஒன்றைத்தான்!

எந்தக் கையில் பிடிப்பது என்பதிலும் ஒரு தவறு நாடெங்கும் பரவியிருக்கிறது. வலது கால் வலித்தால் வலது கையில் தடி என்று நினைக்கிறோம். நாடகங்களில் கிழவர் வேஷம் போடுகிறவர்களும் அப்படியே செய்கிறார்கள். வாஸ்தவத்தில் வலது கால் பலவீனமானால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போது இடது கைத் தடியும் கூடவே முன்னால் போகும். வலது காலின்மேல் நிற்கும் கணத்தில் உடம்பின் இடது பாதி ஆதாரமின்றித் தொங்குகிறது; அதைத் தாங்குவதற்குத்தான் தடி. தாங்கினால் வலது இடுப்பின் பாரம் குறைகிறது. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் நோய்க் காலும் முதலில். தடியின் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் யாருக்காவது உண்டா? அதிலுள்ள கோடுகள் தேய்ந்துபோயிருந்தால் ஈரத் தரையில் தடியே ஆளைத் தள்ளிவிடும். புது புஷ் ஒன்றின் விலை, ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்கு மேல் போகாது.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘தினம் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும்’ என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நாங்கள்தான் பயந்து போனோம். இன்னொரு தடவை விழுந்தால் என்ன செய்வது? கூடத்தை அடுத்த உள்ளறையில் கட்டிலைப் போட்டு, ‘அசையாதீர்கள், பெரியப்பா’ என்று படுக்க வைத்துவிட்டோம். நாலாவது நாள் பெங்களூரிலிருந்து அவருடைய மகன், எனக்கு அண்ணா முறை, வரவழைத்திருந்த சக்கர நாற்காலி பெரிய பெட்டியில் வந்து இறங்கியது. வெள்ளிபோல் மின்னும் குழாய்கள். கறுப்பு ரெக்ஸின் ஆசனம். பின்னால் 24 அங்குலச் சக்கரங்கள் இரண்டு. தெருப் பிள்ளைகள் முறை வைத்து அதில் சவாரி செய்தார்கள். பெரியம்மா அதற்குக் குங்குமம் இட்டாள்.

அதன் ஆசனம் 18 அங்குல அகலம். இருபுறமும் சக்கரமும் தள்ளும் வளையமும் சேர்ந்தால் மொத்தம் 26 அங்குலம். ஸ்நான அறையின் கதவைத் திறந்து வைத்தால் கிடைக்கும் வழியோ சரியாக 24 அங்குலம். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நாலு அங்குல நிலைப்படி. கூடத்துக்கும் ரேழிக்கும் நடுவில் இன்னொன்று. ஆக, அந்த நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் வட்டமிடலாமே தவிர, போக வேண்டிய இடம் ஒன்றுக்குக்கூடப் போகமுடியவில்லை. ஒரு வாரத்தில் அதன் கைப்பிடிகளில் துண்டுகள் காய்ந்தன. ஆசனத்தில் பழைய பத்திரிகைகள் குடியேறின. அண்ணா செய்ததும் அன்பினால் செய்ததுதான். ஆனாலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. வண்டி வந்துவிட்டபடியால் இனி நடக்க வேண்டியதில்லை என்று எல்லோருடைய மனத்திலும் பதிந்துவிட்டது, பெரியப்பாவின் மனத்திலும்கூட.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பெரியம்மா கொண்டு வந்த காபியைப் பெரியப்பா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் காபியை மிச்சம் வைத்து நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பெரியம்மா உள்ளே போன பிறகு மெதுவாகச் சொன்னார்: “குடித்தால் ராத்திரி அவளை எழுப்ப வேண்டியிருக்கிறது. பாத்திரம் வைக்கச் சொல்லி எத்தனை தடவைதான் கூப்பிடுவது? அதனால் தண்ணீரைக் குறைத்துவிட்டேன்.”

36 வருஷம் அரசாங்கப் பணத்தை எண்ணிக் கொடுத்த மனிதர், இப்போது தம்ளர் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் நீர்க்கடுப்பும் ஜுரமும் வந்தன. ஜுரத்தைப் பார்க்க வந்த டாக்டர்தான், ‘முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்’ என்று சொன்னார்.

வந்தவள் இளம் பெண். பெரியப்பாவின் காலைப் பரிசோதிப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ முக்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “தாத்தா, விழுவதற்கு முன்னால் ஒரு நாள் எப்படிக் கழியும்? காலையிலிருந்து சொல்லுங்கள்” என்றாள்.

“அதைக் கேட்டு இனிமேல் என்ன ஆகப்போகிறது, குழந்தை?”

“எனக்கு ஆக வேண்டியிருக்கிறது. சொல்லுங்கள்.”

சொன்னார். ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, கொல்லையில் பல் துலக்குவது, குளிப்பது, முற்றத்தோரம் உட்கார்ந்து பத்திரிகை படிப்பது, சாயங்காலம் திண்ணை, மாதம் ஒரு தடவை பாங்கி, பிரதோஷத்தன்று கோயில். அவள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். “இதில் ஒன்றே ஒன்றுதான் திரும்பக் கிடைக்கும் என்றால் எது வேண்டும்?” என்று கேட்டாள். திண்ணை என்று சொல்வார் என நான் எண்ணினேன். பெரியப்பா சற்று நேரம் பேசாமலிருந்து, “கக்கூஸுக்கு நானே போக வேண்டும், அம்மா” என்றார்.

அதன் பிறகுதான் அவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். அதைக்கொண்டும் பெரியப்பாவை அளக்கவில்லை, கதவை அளந்தாள்! கதவை முழுவதும் திறந்து வைத்து, நிலைச்சட்டத்திலிருந்து கதவுப் பலகை வரையில் அளந்தாள். சட்டத்திலிருந்து சட்டத்துக்கு அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடுமாம். நிலைப்படிகளின் உயரம், கட்டிலின் உயரம், கட்டிலிலிருந்து ஸ்நான அறைக்கு எத்தனை அடி என்று எல்லாம் எழுதினாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, “வண்டியை யார் தள்ளுவார்கள்? நீங்களா, அம்மா? உங்கள் முழங்கால் எப்படி?” என்று கேட்டாள். பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி அந்த வீட்டில் யாராவது கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ, தெரியாது.

நாற்காலியை அவள் கெட்டது என்று சொல்லவில்லை. “இது நல்ல நாற்காலிதான், சார். இந்த வீட்டுக்கும் இந்தத் தாத்தாவுக்கும் ஆனதல்ல. இவர் நடக்கக்கூடியவர்” என்றாள்.

வாக்கரில் பல ஜாதி உண்டு என்பதை அன்று அறிந்தேன். நாலு காலிலும் ரப்பர் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைப்பது ஒன்று. முன்கால்கள் இரண்டில் மட்டும் சிறு சக்கரம் உள்ளது இன்னொன்று. நாலு சக்கரமும், கையில் பிரேக்கும், நடுவில் உட்காருவதற்குப் பலகையும் உள்ளது மூன்றாவது. மூன்றாவதுதான் பார்வைக்கு லட்சணமானது. கடைக்காரர்களும் அதைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். சமதளமான நீண்ட பாதையில், பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக்கூடியவருக்கு அது மிகவும் சௌகரியம். ஆனால், தள்ளாடுகிறவர் அதன்மேல் பாரத்தைச் சாய்த்தால் வண்டி முன்னால் ஓடும். ஆள் பின்னால் நிற்பார். நிலைப்படிகள் நிறைந்த வீட்டில் தூக்கி வைக்கிற சாதாரண வாக்கரே உசிதம் என்று அவள் தீர்மானித்தாள். பெரியப்பாவின் கைகளில் அதற்கு வேண்டிய பலம் இருந்தது. அந்த வாக்கரின் பிடியையும் மணிக்கட்டுக் கோட்டுக்கு நேராகத்தான் வைக்க வேண்டும். கால்களில் உள்ள துளைகள் அதற்காகவே ஏற்பட்டவை. வாங்கின வீட்டில் யாரும் அவற்றைத் தொடுவதில்லை என்று அவள் சொன்னாள்.

ஸ்நான அறையில் பழைய மாதிரிக் குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் தாழ உட்காரலாகாது. உடைத்துப் புதிதாகக் கட்டுவதற்கு மேஸ்திரியை அழைக்கலாமா என்று நான் யோசித்தேன். நடுவில் துவாரமுள்ள உயரமான நாற்காலி ஒன்றை அதன்மேல் நிறுத்தி, வலப்புறச் சுவரில் ஓர் இரும்புக் கம்பியைப் பதித்ததில் விஷயம் முடிந்துவிட்டது. பத்தாவது நாள் பெரியப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே போய் வந்தார். அன்று மத்தியானம் இரண்டு தம்ளர் மோர் குடித்தார்.

ஆகையால் சக்கர நாற்காலியே வேண்டாத வஸ்து என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அது இல்லாமல் உலகத்தையே காண முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்வு இன்னும் நுட்பமானது. என்னுடைய பழைய மாணவன் ஒருவன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டவன். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில் கைப்பேசி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். பெரியப்பா கதையைச் சொல்லி, நாற்காலியைப் பற்றி அவனிடம் கேட்டேன். “சார், உங்களுக்குச் செருப்பு எப்படியோ அப்படி எனக்கு இது. அளவு தப்பினால் கடிக்கும். உங்களுக்குக் கடித்தால் வலிக்கும். எனக்குக் கடித்தால் தெரியாது. அதுதான் ஆபத்து” என்றான்.

அவனுக்கு முதன்முதலில் கிடைத்த நாற்காலியில் வெறும் ரெக்ஸின் ஆசனம். காலை முதல் மாலை வரையில் அதில் உட்கார்ந்து வேலை செய்தான். பிருஷ்டத்தில் சிவந்தது, தோல் உரிந்தது, புண் எலும்பு வரையில் போயிற்று. மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தான். கடை மூடிக் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் போனவர்கள் போனவர்கள்தான். இப்போது நல்ல மெத்தை வைத்திருக்கிறான். கால்மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கியோ, பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்றுகிறான். தினம் இரவு கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்துக்கொள்கிறான். நாற்காலியின் விலையைப் பற்றிப் பேரம் பேசுகிறவர்கள் மெத்தையை மறந்துவிடுகிறார்கள் என்பது அவனுடைய குறை.

அளவுகளையும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆசனத்தின் அகலம், உட்காருகிறவரின் இடுப்பு அகலத்தைவிட இருபுறமும் சேர்த்து ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அதிகமிருந்தால் போதும். தாராளமாக இருக்கட்டுமென்று பெரிதாக வாங்கினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். சக்கரமும் கைக்கு எட்டாமல் தூரப் போகும். முழங்காலின் பின்புறத்துக்கும் ஆசன விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வேண்டும். பாதம் வைக்கும் பலகை தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் இடிக்கும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் உட்கார்ந்தபடியே நகர்ந்து மாறுகிறவருக்குக் கை தாங்கும் சட்டம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டியது அவசியம். தாமே தள்ளிக்கொள்கிறவருக்குத்தான் பின்னால் பெரிய சக்கரம். எப்போதும் மற்றவர் தள்ளுவதானால் சிறு சக்கர நாற்காலி போதும். அகலமும் கனமும் குறைவு. ஆட்டோவில் மடித்து வைத்துவிடலாம். முன் சக்கரம் மிகச் சிறியதானால் ஆஸ்பத்திரி மொசைக் தரைக்குத்தான் லாயக்கு. நம் தெரு ஜல்லியில் அது மாட்டிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர் முகங்குப்புற விழுவார். ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும். பாதப் பலகைமேல் ஏறி நிற்கவே கூடாது.

“டயர் பஞ்சரானால் பக்கத்து சைக்கிள் கடையில் ஒட்ட முடியுமா என்று கேட்காமல் வாங்காதீர்கள்” என்றும் சொன்னான். மின்சார நாற்காலியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தான். “ஓட்டுவது சுகம், சார். வாசலில் மூன்று படி இருந்தால் அதைத் தூக்க நாலு ஆள் வேண்டுமே!” இப்போது அவன் வைத்திருப்பது, நாற்காலிக்கு முன்னால் மின்சார மோட்டாருள்ள ஒற்றைச் சக்கரத்தை மாட்டினால் மூன்று சக்கர வண்டியாகிவிடும் மாதிரி. கடை வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண நாற்காலியோடு உள்ளே போகிறான். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021-ல் வெளிவந்த நியோபோல்ட் இந்த ஜாதியைச் சேர்ந்தது. அதனோடு சேர்ந்த நியோஃபிளை என்னும் நாற்காலியை உபயோகிப்பவரின் அளவுக்கு ஏற்பச் செய்து தருகிறார்கள். அதே ஸ்தாபனத்தில் 2019-ல், உட்கார்ந்திருப்பவரை நிற்கும் நிலைக்குக் கொண்டுவரும் ‘அரைஸ்’ என்ற நாற்காலியையும் செய்தார்கள்.

இந்தச் சாதனங்களின் பூர்வ கதையைப் பார்த்தால் ஒரு விசேஷம் தெரிகிறது. ஜெர்மனியில் நியூரம்பர்க் நகருக்கு அருகில் ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார். அவருக்குக் கால்கள் இயங்கா. 1655-ல், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தமக்காகத் தாமே செய்துகொண்டார். இன்று நம் ஊர்களில் காணும் கைவண்டிகளுக்கு அது மூதாதை. அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்க எஞ்சினீயர் விபத்தில் முதுகு முறிந்து நடக்க முடியாமற்போனார். அந்நாளைய நாற்காலிகள் பாறாங்கல் கனம். மோட்டாரில் ஏற்ற முடியாது. அவரும், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற நண்பரும் சேர்ந்து 1933-ஆம் வருஷ வாக்கில் குழாய்களால் ஆன, மடிக்கும் நாற்காலியைச் செய்தார்கள். அண்ணா வரவழைத்தது அதன் பேரப்பிள்ளைதான். அதாவது, மடிப்பு என்பது அலங்காரத்துக்கு ஏற்பட்டதல்ல. ஒரு மனிதர் மோட்டாரில் வெளியே போக ஆசைப்பட்டதனால் ஏற்பட்டது.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். கையால் செய்யும் வேலையை உட்கார்ந்தும் செய்யலாம் அல்லவா? பின்னர் அமெரிக்காவில் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று வந்தார். 1966-ல் வேலூரில் ஏற்பட்ட புனர்வாழ்வு நிலையத்துக்குக் காரணமாயிருந்தவர் அவர்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் சக்கர நாற்காலியைப் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒருவருக்கு நாற்காலி கொடுப்பதை அதில் எட்டுக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆளையும் அவர் வாழும் இடத்தையும் ஆராய்வது, எது பொருந்தும் என்று தீர்மானிப்பது, உட்கார வைத்துப் பொருத்திப் பார்ப்பது, உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பது, சில காலம் கழித்துத் திரும்ப வந்து பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பணம் கட்டி வரவழைப்பது நாலாவது கட்டம். நம் வீட்டில் முதலும் முடிவும் அந்த நாலாவது ஒன்றுதான்!

நம் தேசத்தில் 1981 முதல் மத்திய அரசாங்கத்தின் திட்டமொன்றில் உடல் ஊனமுற்றோருக்கு உபகரணங்கள் கிடைக்கின்றன. 2017-ல் வறிய முதியோருக்கும் ஒரு திட்டம் ஏற்பட்டது. இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் அளவு கேட்பது மரியாதையல்ல என்று பலர் கூசுகிறார்கள். கூசக் கூடாது. பள்ளியில் சீருடை கொடுக்கும்போது நான் பிள்ளைகளின் அளவைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறேன். அனேக ஊர்களில் மருந்துக் கடைகளிலோ, ஆஸ்பத்திரிகளுக்கு அருகிலோ மாத வாடகைக்கும் நாற்காலி கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம். கதவு இடிப்பதும், கை வலிப்பதும் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

பெரியப்பாவின் திண்ணைப் பிரச்னை மாத்திரம் மிச்சமிருந்தது. வாசலில் மூன்று படி. மொத்தம் 21 அங்குலம். சாய்வுப் பாதை போடுவதானால் ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. 21 அங்குலத்துக்கு 21 அடி வேண்டும். எதிர் வீட்டுத் திண்ணை வரையில் போய்விடும்! அவசரக்காரர்கள் ஆறடிப் பலகையைப் போட்டுவிடுகிறார்கள். அதில் நாற்காலி ஏறாது, இறங்கினாலோ நிற்காது. ஆனால், அந்தப் பெண் தன் குறிப்பைப் பார்த்துவிட்டு, “தாத்தா தினம் போக வேண்டியது தெருவுக்கு அல்லவே, திண்ணைக்குத்தானே?” என்றாள். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. ரேழியிலிருந்து திண்ணைக்கு ஏறி இறங்க வேண்டியது ஒரே ஒரு படி. அங்கே ஒரு கைப்பிடிக் கம்பி. ரேழியின் நடுவில் இளைப்பாற ஒரு நாற்காலி. திண்ணையில் கைவைத்த உயரமான நாற்காலி ஒன்று. பாங்கிக்கும் கோயிலுக்கும் போகிற நாட்களில் மட்டும் வாடகைக்கு ஒரு சிறு சக்கர நாற்காலி; அதைத் தள்ளுவது பெரியம்மா அல்ல, நான்.

பெங்களூர் நாற்காலி இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட கனத்த சரீரி ஒருவருக்கு, புதிதாகக் கட்டிய அகலமான கதவுள்ள வீட்டில், அது அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்திவிட்டது. அண்ணாவுக்கு முதலில் சற்று வருத்தம்தான். படத்தை அனுப்பியதும் சமாதானமாகிவிட்டார்.

ஆறாவது மாதம் பெரியப்பா வீட்டுக்குள் வாக்கரை விட்டுத் தடிக்கு வந்தார். ரேழி ஆணியிலிருந்து யாளித் தடியை எடுத்து, அந்தப் பெண் சொன்ன இடத்தில் குறியிட்டு, தச்சரை அழைத்து அடியில் இரண்டரை அங்குலம் அறுத்துப் புது புஷ் மாட்டினேன். இடது கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வலிக்கவில்லை. முதலிலேயே இப்படி அளந்து வாங்கியிருக்கக் கூடாதா, அப்பா? கணக்கு வாத்தியார்தானே நீ?” என்றார்.

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. மணி ஐந்தாகிவிட்டது; உதவித்தொகைப் பாரத்தோடு ஒரு பாட்டி வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா நெடுநாளைக்கு அப்புறம் மூக்குக் கண்ணாடியை வேஷ்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். தெருக் காற்றில் பாரங்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் அவர் தினமும் வைப்பது, அந்த அறுபட்ட இரண்டரை அங்குலக் கட்டையைத்தான்.